காலியான லாபிக்கு ஆட்களைத் திரும்ப அழைத்தல்: நலிந்த மல்டிபிளேயர் திகில் விளையாட்டைப் பெரிய அப்டேட்டால் மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

இரவு பதினொரு மணி. நான்கு பேர் தயார் என்று பொத்தானை அழுத்திவிட்டு லாபியில், அதாவது ஆட்டம் தொடங்கும் வரை காத்திருக்கும் அறையில், நிற்கிறார்கள். கொலையாளியாக ஆட வேண்டிய ஐந்தாவது ஆள் வரவில்லை. மூன்று நிமிடம் கழித்து ஒருவர் வெளியேறுகிறார். அவருக்குப் பதிலாக இன்னொருவர் வந்து சேர்வதற்குள் மேலும் இருவர் கிளம்பிவிடுகிறார்கள். மல்டிபிளேயர் திகில் விளையாட்டு ஒன்றின் கடைசிக் காலம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. அதை வெறுத்து விலகுபவர்களை விட, ஆட ஆசைப்பட்டுக் காத்திருந்து ஓய்ந்துபோய் விலகுபவர்கள்தான் அதிகம். அந்த ஆசை மிச்சமிருக்கும் வரை மீட்க வழியுண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கையில் ஒரு விளையாட்டு இருந்து, அதன் ஆட்டக்காரர்கள் வாரந்தோறும் குறைந்துவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய, நடுத்தரக் குழுக்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன். பெரிய அப்டேட் என்றவுடன் புதிய கொலையாளி, புதிய மேப் (ஆட்டக் களம்), புதிய டிரெய்லர் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விருந்தினரை அழைப்பதற்கு முன் வீட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டாத பழக்கம். அப்டேட்டுக்கும் அதே வரிசைதான் பொருந்துகிறது: முதலில் ஆட்டம் தொடங்க வேண்டும், அடுத்து அது நியாயமாக நடக்க வேண்டும், பிறகு பயமுறுத்த வேண்டும், இவை மூன்றும் அமைந்த பிறகே புதுச் சரக்கு.

படி 1: எந்த இடத்தில் விலகுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

விமர்சனங்களை மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள். ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் நீண்ட எதிர்மறை விமர்சனம் எழுதுபவர் பெரும்பாலும் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியவராக இருப்பார். அவருடைய கோபம் உண்மையானது, ஆனால் அது உங்கள் விளையாட்டின் மீது அன்புள்ளவரின் கோபம். முதல் ஆட்டத்தில் ஒன்றும் புரியாமல் இறந்து, இரண்டாவது ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் காத்திருந்து, அன்றே விளையாட்டை நீக்கியவர் ஒரு வரிகூட எழுதாமல் போய்விடுகிறார். எண்ணிக்கையில் அவர்தான் பெரும்பான்மை.

ஆகவே உங்கள் சர்வர் பதிவுகளிலிருந்து நான்கு விஷயங்களை எடுத்து வையுங்கள். முதல் ஆட்டம் ஆடியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது ஆட்டமும், எத்தனை பேர் மூன்றாவது ஆட்டமும் ஆடினார்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு பிராந்தியத்திலும் ஒவ்வொரு மணி நேரத்திலும் காத்திருப்பு எவ்வளவு என்பது இரண்டாவது. இதில் சராசரி உங்களை ஏமாற்றிவிடும், மிக மோசமாகக் காத்திருந்த பத்தில் ஒரு பங்கினரின் நிலையைத் தனியாகப் பாருங்கள். ஆட்டத்தின் நடுவில் வெளியேறியவர்கள் எந்த நிமிடத்தில், எந்த வேடத்தில் இருந்தபோது வெளியேறினார்கள் என்பது மூன்றாவது. கொலையாளியாக ஆட விரும்புபவர்கள் எத்தனை பேர், தப்பிப்பவர்களாக ஆட விரும்புபவர்கள் எத்தனை பேர் என்பது நான்காவது.

எண்கள் எங்கே என்று சொல்லும். ஏன் என்பதற்கு ஓர் ஆளின் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு சிறு குழுவின் விளையாட்டைச் சோதிப்பதற்காக, அதைக் கேள்விப்பட்டே இராத ஒரு பெண்ணை ஆட வைத்து நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் ஆட்டம் தொடங்கியதும் ஓர் அலமாரிக்குள் ஒளிந்தார். பதினான்கு நிமிடம் கழித்து, மற்ற மூவரும் இறந்த பிறகு, அதே அலமாரியிலிருந்து கொலையாளி அவரை வெளியே இழுத்தான். ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டேன். வந்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லையே என்றார். அந்தக் குழு அப்போது நான்காவது மேப்பை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டதோ ஐந்து நிமிடப் பயிற்சி ஆட்டம்.

இன்னொன்றையும் இங்கேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். வருபவர்கள் தங்குவதில்லையா, அல்லது தங்குவார்கள் ஆனால் வருவதே இல்லையா? முதல் நோய்க்குத்தான் பெரிய அப்டேட் மருந்து. இரண்டாவது நோய்க்கு விலைக் குறைப்பு, இலவச வார இறுதி, ஆடிக் காட்டும் ஸ்ட்ரீமர்களின் கவனம் ஆகியவை போதும்; அதற்கு எட்டு மாத உழைப்பைச் செலவிடத் தேவையில்லை.

படி 2: காத்திருப்புக் கணக்கை எழுதிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் குழுக்களே அதிகம், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒருவருக்கு எதிராக நான்கு பேர் ஆடும் விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேரத்தில் 600 பேர் இணைப்பில் இருக்கிறார்கள். கேட்பதற்கு மோசமில்லை. ஆனால் அவர்கள் 4 பிராந்தியங்களில் பிரிந்தால் பிராந்தியத்துக்கு 150 பேர். 3 ஆட்ட வகைகள் வைத்திருந்தால் வகைக்கு 50 பேர். கணினியும் கன்சோலும் தனித்தனியாக இருந்தால் 25 பேர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஏற்கெனவே ஆட்டத்துக்குள் இருப்பார்கள் என்பதால், அந்தக் கணத்தில் லாபியில் மிஞ்சுபவர்கள் 6 பேர். அந்த 6 பேரும் தப்பிப்பவர்களாகவே ஆட விரும்பினால் ஆட்டமே தொடங்காது.

வேட விகிதமும் இப்படித்தான் கழுத்தை இறுக்கும். 100 பேரில் 30 பேர் கொலையாளியாக ஆட விரும்பினால், மீதி 70 பேரை வைத்து 17 ஆட்டங்கள் தொடங்கும். 13 கொலையாளிகளும் துண்டு விழுந்த இரண்டு பேரும் காத்திருப்பார்கள். மாறாக 10 பேர் மட்டுமே கொலையாளியாக ஆட முன்வந்தால் 10 ஆட்டங்கள்தான் நடக்கும். 50 பேர் லாபியில் நிற்பார்கள். கொலையாளி ஒருவர் குறைந்தால் நான்கு பேரின் இரவு வீணாகிறது. ஆகவே அப்டேட்டில் முதலில் கவனிக்க வேண்டியவர் அந்த ஒருவர். கொலையாளியாக ஆடுவது எரிச்சலூட்டும் வேலையாக மாறிவிட்டதா, தோற்ற பிறகு எதிரணியினரிடம் வசவு வாங்குகிறாரா, அவருக்குக் கிடைக்கும் வெகுமதி நேரத்துக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் ஆள் குறைவாக உள்ள வேடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கூடுதல் புள்ளிகள் கொடுத்து, அதை லாபித் திரையிலேயே காட்டும் முறையை, ஒரு கொலையாளிக்கு எதிராக நான்கு பேர் ஆடும் 'டெட் பை டேலைட்' விளையாட்டு பின்னாட்களில் கொண்டுவந்தது. செய்வதற்கு எளிது, பலனோ உடனே தெரியும்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவுகள் சில கசப்பானவை. ஆட்ட வகைகளைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மூன்று இருந்தால் ஒன்றை நிலையாக வைத்து மற்ற இரண்டை வாரம் மாற்றி வாரம் கொடுங்கள். கிராஸ்பிளே (கணினியில் ஆடுபவரும் கன்சோலில் ஆடுபவரும் ஒன்றாக ஆடும் வசதி) இல்லையென்றால் அப்டேட்டின் தலைப்புச் செய்தியே அதுவாக இருக்கட்டும். காலி இடங்களை நிரப்பப் போட்களை, அதாவது கணினியே ஆட்டிவைக்கும் பாத்திரங்களை, கொண்டுவாருங்கள். ஸ்டாக்ஹோமின் 10 சேம்பர்ஸ் குழு, நால்வர் கூட்டாக ஆடும் தன் 'ஜிடிஎஃப்ஓ' திகில் விளையாட்டை 2021 டிசம்பரில் முழுப் பதிப்பாக வெளியிட்டபோது, நான்கு பேர் சேராவிட்டாலும் ஆடக்கூடியபடி போட்களைச் சேர்த்திருந்தது. நான்கு நண்பர்களை ஒரே நேரத்தில் ஒன்றுசேர்க்க முடியாதவர்களுக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆடுகிறவர்களுக்கு இந்த வேதனை நன்றாகத் தெரியும்: ஒரு விளையாட்டு நலியும்போது முதலில் காலியாவது நம்மைப் போன்ற சிறிய பிராந்தியங்கள்தான். அருகிலுள்ள சர்வரில் ஆளில்லாமல் தொலைதூர சர்வருக்குத் தள்ளப்பட்டு, 200 மில்லிவினாடிப் பிங்கில் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் தாமதத்தில்) கோடரி காற்றில் சுழன்ற பிறகும் உடம்பில் அடிபட்டதாகக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நாள்தான் பொறுமையாக இருக்க முடியும்?

படி 3: புதுச் சரக்குக்கு முன் அடித்தளம்

'டெட் பை டேலைட்' 2016 ஜூன் 14 அன்று கணினிக்கு வெளியானது. மாண்ட்ரியல் நகரின் பிஹேவியர் இன்டராக்டிவ் உருவாக்கியது. இன்று அதை வெற்றிக் கதையாக மட்டுமே எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அதன் தொடக்க ஆண்டுகளை ஆடிப் பார்த்தவர்களுக்கு வேறு நினைவுகளும் உண்டு. ஆட்டத்துக்குத் தனி சர்வர் கிடையாது. கொலையாளியாக ஆடுபவரின் கணினியே ஆட்டத்தை நடத்தியது. அவருடைய இணைய இணைப்பு மோசமென்றால் நால்வரின் ஆட்டமும் மோசம். அவர் கோபத்தில் வெளியேறினால் ஆட்டமே முடிந்தது. ஜன்னல்களையும் சுவர்களையும் சுற்றிச் சுற்றி ஓடியே கொலையாளியை முடிவில்லாமல் அலைக்கழிக்கக்கூடிய இடங்களும் மேப்களில் இருந்தன.

அவை ஒரே நாளில் சரியாகவில்லை. 2016 அக்டோபரில் 'ஹாலோவீன்' படத்தின் மைக்கேல் மையர்ஸ் என்ற, உலகம் அறிந்த திகில் பாத்திரத்தைக் கொலையாளியாகக் கொண்டுவந்து புதியவர்களை ஈர்த்தார்கள். 2018 மார்ச்சில் வெளியீட்டு உரிமையை ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸிடமிருந்து 1.6 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டார்கள். 2019இல் தனி சர்வர்கள் வந்தன. அதே ஆண்டில் ஆட்டத்தின் முடிவை இழுத்தடிக்க முடியாதபடி, வாயில் திறந்த பிறகு ஒரு காலக்கெடு ஓடத் தொடங்கும் முறையும் வந்தது. 2020இல் கணினிக்கும் கன்சோல்களுக்கும் இடையே கிராஸ்பிளே. பிரபலப் பாத்திரங்கள் ஆட்களை அழைத்துவந்தன என்பது உண்மை. ஆனால் வந்தவர்கள் தங்கியதற்கு, யாரும் டிரெய்லர் வெளியிட்டுக் கொண்டாடாத இந்த வேலைகளுக்கும் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

திகில் வகையைச் சேராவிட்டாலும், யுபிசாஃப்ட் 2017இல் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' விளையாட்டுக்குச் செய்ததை ஒவ்வொரு குழுவும் படிக்க வேண்டும். 'ஆபரேஷன் ஹெல்த்' என்று பெயரிட்டு, அந்தப் பருவத்துக்கான புதிய சேர்க்கைகளைத் தள்ளிவைத்து, மூன்று மாதங்களை சர்வர், மேட்ச்மேக்கிங் (ஆட்டக்காரர்களை ஒரே ஆட்டத்தில் சேர்க்கும் முறை), பிழைத் திருத்தம் ஆகியவற்றுக்கே ஒதுக்கினார்கள். புதிதாக ஒன்றும் இல்லை என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் பழுதுபார்ப்பையே ஒரு பெரிய அப்டேட்டாக அறிவிக்கும் துணிச்சலை அது மற்றவர்களுக்குக் கொடுத்தது. பிஹேவியர் நிறுவனமே பின்னாளில் இதைப் போன்ற ஒரு முயற்சியை 'டெட் பை டேலைட்' விளையாட்டுக்கு அறிவித்தது.

எதிர் உதாரணமும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறது. அவர்களுடைய 'டெத்கார்டன்' 2018 ஆகஸ்டில் முன்னணுகல் பதிப்பாக (முழுமையாகும் முன்பே ஆடக் கொடுக்கும் பதிப்பாக) வெளியாகி ஆள் சேராமல் தவித்தது. 2019 மே மாதம் 'டெத்கார்டன்: பிளட்ஹார்வெஸ்ட்' என்று பெயரை நீட்டி, விலையைக் குறைத்து, இருண்ட கொடூரமான தோற்றத்தைக் கொடுத்து மீண்டும் வெளியிட்டார்கள். உழைப்பில் குறையில்லை, பார்ப்பதற்கும் நன்றாக இருந்தது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒருவருக்கு எதிராகப் பலர் ஆடும் திகில் விளையாட்டை உலகிலேயே அதிகம் அறிந்த நிறுவனத்துக்கே இது நேர்ந்தது என்றால், தோற்றத்தை மாற்றினாலே ஆட்கள் திரும்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று யோசியுங்கள்.

படி 4: பயத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்

மற்ற மல்டிபிளேயர் விளையாட்டுகளுக்கு இல்லாத ஒரு பிரச்சினை திகில் விளையாட்டுக்கு உண்டு. திறமை வளர வளரப் பயம் தேய்கிறது. முதல் நாளில் இருட்டுக்குள் மூச்சுவிடும் ஒரு உருவமாக இருந்த கொலையாளி, ஐம்பதாவது மணி நேரத்தில் நொடிக்கு இத்தனை மீட்டர் நகரும் ஒரு பொருளாகிவிடுகிறான். பழகியவர்கள் அவனைக் கண்டு ஓடுவதில்லை, கணக்குப் போடுகிறார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்ட விளையாட்டில் இன்னும் வேகமான, இன்னும் கோரமான கொலையாளியைச் சேர்ப்பதால் கணக்கு மாறுமே தவிர, பயம் திரும்பாது.

பயம் திரும்புவது, ஆட்டக்காரர் நம்பியிருக்கும் ஒரு தகவலை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போதுதான். 'டெட் பை டேலைட்' விளையாட்டில் கொலையாளி நெருங்கினால் இதயத் துடிப்பு கேட்கும். துடிப்பு கேட்காதவரை பாதுகாப்பு என்று எல்லோரும் பழகியிருந்தார்கள். 2016 அக்டோபரில் வந்த அந்தப் புதிய கொலையாளியோ, ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்தத் துடிப்பு ஏறக்குறையக் கேட்காமலேயே நெருங்கிவந்து, மரத்தின் பின்னால் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பவன். பார்க்கப் பார்க்க அவன் வலு கூடும். தப்பிப்பதற்காக ஜெனரேட்டரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் தற்செயலாகக் கேமராவைத் திருப்பும்போது, பத்தடி தூரத்தில் அந்த வெள்ளை முகமூடி அசையாமல் நிற்கும். ஒரே ஒரு நம்பகமான ஒலியை நீக்கியதால் பழைய மேப்கள் எல்லாமே மீண்டும் அச்சமூட்டும் இடங்களாயின. புதிதாக ஒரு மேப்பைக் கட்டுவதை விட இது மலிவு, பலனும் அதிகம்.

நண்பர்கள் சேர்ந்து பேய்களை ஆராயும் 'ஃபாஸ்மோஃபோபியா' 2020 செப்டம்பரில் வந்தபோது அதை உருவாக்கியவர் ஒரே ஒருவர். அதன் பேய்கள் ஆட்டக்காரர் மைக்கில் பேசுவதைக் கேட்டு எதிர்வினை காட்டும். நண்பர்களுடன் வாயடித்துப் பயத்தைப் போக்கிக்கொள்ளலாம் என்ற கடைசி அடைக்கலத்தையும் அது பறித்துவிட்டது. 'ஜிடிஎஃப்ஓ' வேறொரு வழியில் சென்றது: நிலைகளின் தொகுப்பையே அவ்வப்போது மொத்தமாக மாற்றி, யாருக்கும் பாதை மனப்பாடம் ஆகிவிடாதபடி பார்த்துக்கொண்டது. பழையவை மறைந்துபோவதை ஆட்டக்காரர்கள் விரும்பவில்லை என்பதால், பின்னர் பழைய நிலைகளைத் திருத்தி மீண்டும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கான வழி தெரியும்: தெரிந்ததை அழிக்காதீர்கள், தெரிந்ததன் மீதுள்ள நம்பிக்கையைக் குலையுங்கள். மேப்பில் பொருள்கள் இருக்கும் இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறட்டும். விளக்குகள் அணையும் நேரம் மாறட்டும். கூட்டாளியின் நிலையைக் காட்டும் குறியீடு சில நிமிடங்கள் மறையட்டும்.

ஒலிக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். பணம் குறைவாக இருந்தால் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியை ஒலிக்கு மாற்றுங்கள் என்றே சொல்வேன். மேல்மாடியில் ஒரு பலகை கிரீச்சிடும்போது அது தலைக்கு நேர் மேலேயா, இரண்டு அறை தள்ளியா என்பது காதுக்குத் தெளிவாகத் தெரிந்தால், காட்சி பழையதாக இருந்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

படி 5: சமநிலையை மாற்றும்போது இரு பக்கத்தையும் உட்கார வைத்துச் சோதியுங்கள்

2022 ஜூலையில் வந்த 6.1.0 பேட்சில் (திருத்தத் தொகுப்பில்) 'டெட் பை டேலைட்' ஒரு ஜெனரேட்டரைத் தனி ஆளாகப் பழுதுபார்க்கும் நேரத்தை 80 வினாடியிலிருந்து 90 ஆக்கியது. பத்து வினாடிதானே என்று தோன்றும். தப்பிக்க 5 ஜெனரேட்டர்கள் வேண்டும்; மொத்த உழைப்பு 400 வினாடியிலிருந்து 450 ஆகிறது. கொலையாளிக்கு இன்னுமொரு துரத்தலை முடிக்கும் அவகாசம் அதில் இருக்கிறது. அதே பேட்சில், கொலையாளி மாட்டிவைத்த கொக்கியிலிருந்து மீட்கப்பட்டவருக்குச் சில வினாடிகள் பாதுகாப்பும் கொடுத்தார்கள். ஒரு தரப்புக்குக் கொடுத்ததும் மறு தரப்புக்குக் கொடுத்ததும் ஒரே நாளில், காரணங்களோடு வந்தன. இதுவே சரியான முறை. ஒரு தரப்பை மட்டும் பலவீனப்படுத்தும் பேட்ச் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், அந்தத் தரப்பினர் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பொதுச் சோதனைப் பதிப்பு ஒன்றைக் குறைந்தது இரண்டு வாரங்களாவது திறந்து வையுங்கள். அதில் வந்து ஆடுபவர்கள் பெரும்பாலும் கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்பதை மறவாதீர்கள். அவர்களுடைய எண்களை வைத்துப் புதியவர்களின் ஆட்டத்தைத் தீர்மானித்தால் அலமாரிக்குள் ஒளிந்த அந்தப் பெண்ணை மறுபடி இழப்பீர்கள். புதியவர்களைத் தனியாக அழைத்து ஆட வைத்து, இரு கூட்டத்தின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கைதேர்ந்தவர்களிடம் ஒரு கொலையாளி பலவீனமாகவும் புதியவர்களிடம் அதே கொலையாளி அசுரனாகவும் இருந்தால், அவனுடைய வேகத்தைத் தொடாதீர்கள். அவனை எப்படி எதிர்கொள்வது என்று ஆட்டத்துக்குள்ளேயே கற்றுக்கொடுங்கள்.

படி 6: பழைய ஆட்டக்காரரின் சேமிப்பைத் தொடும்போது

பெரிய அப்டேட் சில சமயம் முன்னேற்ற முறையையே மாற்றக் கேட்கும். 'ஃபாஸ்மோஃபோபியா' 2023 ஆகஸ்டில் கருவிகளை மூன்று தரங்களாகப் பிரித்தபோது எல்லோரும் முதல் நிலையிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குத் துணியலாம், ஆனால் பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பழையவர் என்பதற்கு அடையாளமாக ஏதாவது ஒன்றை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய எதையும் தொடவே கூடாது.

படி 7: வெளியீட்டு நாளைத் தேர்ந்தெடுத்தல்

அக்டோபர் மாதம் திகில் ரசிகர்கள் கூடும் காலம். அதனாலேயே எல்லா விளையாட்டுகளும் அன்று கூவி அழைக்கும். சிறு குழுவென்றால் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் தொடக்கம் நல்லது. அக்டோபர் வரும்போது திருத்தங்கள் முடிந்து, ஆட்டம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து செவ்வாய் அல்லது புதன் அன்று வெளியிடுங்கள். கூட்டம் வரும் வார இறுதிக்கு முன் உங்கள் குழுவுக்கு இரண்டு மூன்று வேலை நாட்கள் கிடைக்கும். கன்சோல்களில் ஒவ்வொரு பேட்சும் அந்தந்த நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றே வெளியாக வேண்டும் என்பதால், கணினியில் ஒரே நாளில் சரிசெய்யும் பிழை அங்கே பல நாட்கள் நீடிக்கும். கிராஸ்பிளே இருந்தால் இரண்டும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். எண்களைச் சர்வர் பக்கத்திலிருந்தே மாற்றக்கூடியபடி முன்கூட்டியே அமைத்துவைத்தால் இந்தச் சங்கடம் பாதியாகக் குறையும்.

இலவச வார இறுதியை வெளியீட்டு நாளிலேயே வைக்காதீர்கள். மூன்றாவது வாரத்தில் வையுங்கள். திரும்பிவந்த பழையவர்கள் புதிய முறைக்குப் பழகியிருப்பார்கள், சர்வர்கள் சோதிக்கப்பட்டிருக்கும், புதியவர்கள் வந்து நிற்கும் லாபியில் ஆட்கள் இருப்பார்கள்.

படி 8: முதல் 72 மணி நேரமும் அடுத்த 90 நாட்களும்

ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் அரக்கர்களை வேட்டையாடும் 'ஹன்ட்: ஷோடவுன்' விளையாட்டை 2024 ஆகஸ்ட் 15 அன்று 'ஹன்ட்: ஷோடவுன் 1896' என்று மறுபிறவி எடுக்க வைத்தது. விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினின் புதிய பதிப்பு. லூசியானாவின் சதுப்பு நிலங்களை விட்டு கொலராடோ மலைச் சுரங்கங்களுக்கு நகர்ந்த புதிய மேப். பழைய தலைமுறைக் கன்சோல்களுக்குப் பிரியாவிடை. நலிந்த விளையாட்டு என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் பெரிய அப்டேட்டைத் திட்டமிடும் யாருக்கும் அதில் பாடம் உண்டு. ஆட்கள் திரளாக வந்தார்கள். அப்போது ஸ்டீமில் எழுதப்பட்ட விமர்சனங்களில் பெரும்பகுதி எதிர்மறையாக இருந்தது. முக்கியக் காரணம் சுடுதலோ, மேப்போ, அரக்கர்களோ அல்ல, மெனு. துப்பாக்கியை எடுத்துக்கொள்வதற்கு முன்பை விடக் கூடுதலான கிளிக்குகள், எங்கே எது இருக்கிறது என்று புரியாத அடுக்குகள். நிறுவனம் குறையை ஏற்றுக்கொண்டு அடுத்தடுத்த பேட்சுகளில் மாதக்கணக்கில் அதைத் திருத்தியது.

ஆட்டத்துக்குள் ஆயிரம் மணி நேரம் செலவிட்டவரின் விரல்களுக்கு மெனுவின் இடங்கள் மனப்பாடமாகியிருக்கும். அவற்றை மாற்றுவது, ஊரிலிருந்து வந்து பார்த்தால் வீட்டின் அடுக்களையை யாரோ இடம் மாற்றி வைத்திருப்பது போன்றது. மெனுவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் அதைத் தனி அப்டேட்டாக முன்கூட்டியே விடுங்கள்.

முதல் 72 மணி நேரத்துக்கு ஒரு சிறிய அணியைப் பணிமுறை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விமர்சனங்களையும் புகார்களையும் வகைப்படுத்தட்டும். ஒருவர் சர்வரைக் கவனிக்கட்டும். பேட்ச் வெளியிடும் அதிகாரம் உள்ள ஒருவர் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் முடிவெடுக்கும் நிலையில் இருக்கட்டும். அறிந்த பிழைகளின் பட்டியலை அன்றாடம் வெளியிடுங்கள். இன்னும் காரணம் தெரியாத பிழையைப் பற்றியும், பார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளை மாலை சொல்கிறோம் என்று எழுதி, நாளை மாலை ஒன்றும் தெரியாவிட்டாலும் அதையே எழுதுங்கள். ஆட்டக்காரர்கள் பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

அடுத்த 90 நாட்களுக்கான திட்டத்தை வெளியிடும்போது, ஏறக்குறைய முடிந்துவிட்ட வேலைகளை மட்டும் தேதியோடு சொல்லுங்கள். அப்டேட் வந்த வாரத்தில் எண்ணிக்கை ஏறும். நான்காவது வாரத்தில் இறங்கும். இரண்டுமே இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது, இறங்கி நின்ற இடம் அப்டேட்டுக்கு முன்பிருந்த இடத்தை விட உயரமா என்பதையும், முதல் ஆட்டத்திலிருந்து மூன்றாவது ஆட்டத்துக்கு வந்தவர்களின் பங்கு கூடியிருக்கிறதா என்பதையும்தான். இரண்டாவது எண் கூடியிருந்தால், முதல் எண் ஏமாற்றமளித்தாலும் அடுத்த அப்டேட்டுக்குத் துணிந்து செல்லலாம்.

படி 9: எப்போது இதில் இறங்கக் கூடாது

திரைப்பட உரிமத்தின் மேல் கட்டப்பட்ட விளையாட்டு என்றால், உரிமத்தின் நிலையை வழக்கறிஞரிடம் காட்டாமல் ஒரு வரி நிரலும் எழுதாதீர்கள். 2017 மே மாதம் வெளியான 'ஃப்ரைடே தி 13த்: தி கேம்' நன்றாகவே விற்றது. ஆனால் மூலப் படத்தின் திரைக்கதை ஆசிரியருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையே நடந்த உரிமை வழக்கினால், 2018 ஜூனில் புதிய சேர்க்கைகள் அனைத்தையும் நிறுத்துவதாக அறிவிக்க வேண்டிவந்தது. பாதி உருவாகியிருந்த மேப்பும் கொலையாளியும் அப்படியே நின்றன. சாகும் அளவுக்கு நோய் ஏதும் இல்லாத விளையாட்டு அது. மருந்து கொடுக்கத்தான் சட்டம் அனுமதிக்கவில்லை.

கையில் உள்ள பணம் அப்டேட் வெளியாகும் நாள் வரைக்கும்தான் வரும் என்றாலும் இறங்காதீர்கள். வெளியீட்டுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதச் சம்பளமும் சர்வர் செலவும் தனியாக இருக்க வேண்டும். முதல் வாரப் பிழைகளைத் திருத்த ஆளில்லாத பெரிய அப்டேட், திரும்பிவந்த பழையவர்களை இரண்டாவது முறையும் ஏமாற்றி அனுப்பும். மூன்றாவது முறை அவர்கள் வருவதில்லை.

அந்தப் பணம் இல்லையென்றால், மிச்சமிருப்பதை வேறொன்றுக்குச் செலவிடுங்கள். 'ஃப்ரைடே தி 13த்: தி கேம்' 2020 நவம்பரில் தன் கடைசிப் பேட்சை வெளியிட்டு, தனி சர்வர்களிலிருந்து ஆட்டக்காரர்களின் சொந்த இணைப்புகளுக்கு மாறியது, 2023 டிசம்பர் 31 அன்று விற்பனை நின்ற பிறகும், வாங்கியவர்கள் இன்னும் ஓராண்டு அதை ஆட முடிந்தது. நீங்கள் தயாரிக்க வேண்டியதும் அப்படியொரு கடைசிப் பதிப்புதான்: நண்பர்கள் தாங்களே நடத்திக்கொள்ளக்கூடிய தனி அறைகள், காலி இடத்துக்குப் போட்கள், எல்லாப் பாத்திரங்களும் திறந்த நிலை, பின்னணியில் எந்த சர்வரையும் கேட்காமல் தொடங்கும் ஒரு பதிப்பு. நான்கைந்து பேர் உள்ள குழு இரண்டு மூன்று மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. அதை விற்பனை நிற்கும் நாளுக்கு முன்பே வெளியிட்டு, எந்தத் தேதி வரை எது இயங்கும் என்பதைக் கடைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.